சோபா வாங்கும்போது யார் பேச்சைக் கேட்பது: ஷோரூமா, செல்போனா, சொந்தக்காரர் வீடா?

சோபா, கட்டில், பீரோ என்று பெரிய சாமான் எடுக்கும்போது நம் மனதை இழுப்பவை பெரும்பாலும் மூன்று: ஷோரூமில் ஜோடித்து வைத்திருக்கும் அறை, செல்போனில் ஓடும் படங்கள், சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. மூன்றுமே ஆசையைக் கிளப்பும். பணம் போடும் நேரத்தில் நான் நம்புவது மூன்றாவதைத்தான்.

முதலில் ஷோரூம். ஸ்வீடனில் பிறந்த ஃபர்னிச்சர் நிறுவனமான ஐகியா 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. ஹால், படுக்கையறை, சமையலறை என்று முழு அறைகளாகவே அமைத்து, அவற்றின் வழியே நம்மை நடக்க வைக்கிறார்கள். இப்போது நம் ஊர்க் கடைகள் பலவற்றிலும் இந்தப் பாணி வந்துவிட்டது. உட்காரலாம், படுத்துப் பார்க்கலாம், டிராயரை இழுத்துப் பார்க்கலாம். இது பெரிய வசதி. ஆனால் கடையின் கூரை உயரம், இடமும் அதிகம். அங்கே அடக்கமாகத் தெரிந்த ஏழடி சோபா, பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் நடைபாதையை அடைத்துவிடும். மஞ்சள் விளக்கில் பார்த்த துணி வீட்டு டியூப்லைட்டில் வேறு நிறமாகத் தெரியும். டேப் இல்லாமல் ஷோரூமுக்குப் போகவே கூடாது.

செல்போன் படங்களில் அந்த டேப்புக்கும் வேலை இல்லை. ஐகியா 1951 முதல் 70 ஆண்டுகள் அச்சிட்ட கேட்டலாக்கை நிறுத்திவிட்டது. அந்த இடத்தை இன்று பின்டரெஸ்ட்டும் இன்ஸ்டாகிராமும் பிடித்திருக்கின்றன. அந்தக் கேட்டலாக் காலத்திலேயே, 2014 வாக்கில், ஐகியாவின் பொருட்களைத் தனித்தனியாகக் காட்டும் படங்களில் சுமார் முக்கால்வாசி கணினியில் உருவாக்கியவை. அப்படியிருக்க, நாம் ஆசைப்படும் அறை உலகில் எங்குமே இல்லாமல் போகலாம். வெள்ளை சோபா படத்தை ஒருமுறை தொட்டால் போதும், அடுத்து வருவதெல்லாம் வெள்ளை சோபாதான். ஊரே அதைத்தான் வாங்குகிறது என்று தோன்றிவிடும். எண்ணெய் வைத்த தலையும் தெருப்புழுதியும் அந்தப் படங்களில் இருக்காது. திரைச்சீலை, குஷன் உறை, சுவர் நிறம் இதற்கெல்லாம் செல்போன் நல்ல துணை. பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

சொந்தக்காரர் வீட்டில் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது: ஐந்து வருஷம் புழங்கிய சாமான். ஃபோம் எங்கே அமுங்கியிருக்கிறது, சன்மைக்கா ஓரம் எங்கே எழும்பியிருக்கிறது, தரை துடைக்கும் தண்ணீர் பட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு எப்படி ஊதியிருக்கிறது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரியும். விலையை நேராகக் கேட்கலாம். ஃபோம் 32 டென்சிட்டியா (அடர்த்தி) 40 டென்சிட்டியா, பிளைவுட்டில் 303 முத்திரையா 710 முத்திரையா என்று விசாரிக்கலாம். 303 என்பது பொது உபயோக ரகம், 710 என்பது தண்ணீரை நன்றாகத் தாங்கும் மரைன் ரகம். கார்பெண்டர் சொன்ன தேதிக்கு முடித்தாரா என்பதும் தெரிந்துவிடும். வாங்கியவர் தன் தேர்வைக் குறை சொல்லத் தயங்குவார் என்பதால், தினமும் அதன் அடியில் கூட்டிப் பெருக்குகிறவரைக் கேளுங்கள். அவருக்குத்தான் முழு விவரமும் தெரியும்.

இதிலும் ஒரு கெடுதல் உண்டு, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. "அவங்க வீட்ல போட்டாங்க, நாமளும் போடணும்" என்ற நெருக்கடி. கல்யாணச் சீரில் இதை நன்றாகவே பார்க்கலாம். கட்டில், பீரோ, மெத்தை எல்லாவற்றையும் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயமே தேர்வு செய்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் கடன் வாங்கி எடுத்த ஆறடிக் கட்டில், தம்பதி குடியேறும் வாடகை வீட்டின் மாடிப்படியில் திரும்பாது. அந்த இருவரையும் முதலில் கேட்டால் பாதிப் பணம் மிச்சமாகும். சீரே வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.

சரி, கார்பெண்டரிடம் செய்யக் கொடுக்கிறீர்கள் என்றால் செல்போன் படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். கால், கைப்பிடி வடிவத்துக்கு மட்டும். உட்காரும் உயரத்தையும் ஆழத்தையும், உங்கள் அப்பா அம்மா யார் கையும் பிடிக்காமல் எழுந்திருக்கிற சோபாவில் அளந்து கொடுங்கள். அது அத்தை வீட்டில் இருந்தால், டேப்போடு அத்தை வீட்டுக்குப் போங்கள்.