'செட் பண்ணிக் கொடுத்தாச்சு' என்று சொல்லி விற்ற பிளைட் கன்ட்ரோலர் – வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

திருச்சியில் ஒருவரிடம் பிளைட் கன்ட்ரோலர் (ரிமோட் விமானம் சாயாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு) வாங்கி, அவர் கையாலேயே என் ரிமோட் ஃபோம் விமானத்தில் மாட்டி, செட்டிங்கும் போட்டு வாங்கி வந்தேன். போர்டு 7,000, செட்டிங் 2,500. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. கடையில் மேஜைமேல் வைத்து ரிமோட்டின் ஸ்டிக்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார், எய்லரான் (இறக்கையில் அசையும் மடல்), எலிவேட்டர் (வாலில் அசையும் மடல்) எல்லாம் சரியாகத்தான் அசைந்தன. "கொண்டுபோய்ப் பறக்கவிட வேண்டியதுதான் சார்" என்றார். நம்பிவிட்டேன்.

எனக்கு ஊர் பாபநாசம் பக்கம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தத் திசைக்கே போக மாட்டோம். சம்பா அறுத்த பிறகு உளுந்து தெளிக்காமல் கிடந்த சித்தப்பா வயலில்தான் பறக்கவிடுவது. அன்றைக்கும் அங்கேதான் போனோம். மேனுவல் மோடில் அழகாக ஏறியது. ஒரு முப்பது மீட்டர் உயரத்தில், விமானம் தன்னைத் தானே நேராக வைத்துக்கொள்ளும் ஃப்ளை பை வயர் மோடுக்கு மாற்றினேன். லேசாகக் காற்று தட்டி வலது இறக்கை தாழ்ந்தது. நிமிர வேண்டியது, நிமிராமல் மேலும் வலப்பக்கமே சாய்ந்து அப்படியே குப்புறக் கவிழ்ந்து தலைகீழாக வந்து வரப்பில் அடித்தது. மேனுவலுக்குத் திரும்பக்கூட நேரமில்லை. ஒரு கிலோ முன்னூறு கிராம் எடை, பத்தடி தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி நின்றிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

போன் செய்தால் "காத்து சார்" என்றார். அடுத்த நாள் "உங்களுக்கு ஓட்டத் தெரியல" என்றார்.

சரி என்று பறந்தபோது போர்டு தன் மெமரி கார்டில் பதிந்துவைத்த லாகை மிஷன் பிளானர் என்ற மென்பொருளில் திறந்து, மச்சான் செல்போனில் எடுத்த வீடியோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வீடியோவில் விமானம் வலது பக்கம் சாய்கிறது, லாக் இடது பக்கம் என்கிறது. அப்புறம்தான் மூடியைக் கழற்றினேன். யுஎஸ்பி வாய் கைக்கு எட்டட்டும் என்று போர்டைத் திருப்பி ஒட்டியிருக்கிறார், அதன்மேல் மூக்கைக் காட்ட வேண்டிய அம்புக்குறி வாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருப்பி ஒட்டுவது தப்பில்லை. ஆனால் போர்டில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருளில், போர்டு எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லும் ஏஎச்ஆர்எஸ் ஓரியன்டேஷன் என்ற இடத்தில் 4 என்று மாற்ற வேண்டும், அதுதான் 180 டிகிரி திருப்பியதற்கான எண். அவர் 0 என்றே விட்டிருந்தார். அதனால் வலது சாய்வு போர்டுக்கு இடது சாய்வாகத் தெரிகிறது, அதைத் திருத்துவதாக நினைத்து இன்னும் வலது பக்கமே தள்ளுகிறது. மூக்கு தாழ்ந்தாலும் இதே கதைதான்.

இதையாவது கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். எது சமநிலை என்று போர்டின் சென்சாருக்குப் பழக்கும் ஆக்சிலரோமீட்டர் கேலிபரேஷனே செய்யவில்லை. செய்யாவிட்டால் போர்டு ஆர்ம் ஆகாமல் (மோட்டாரை ஓடவிடாமல்) எச்சரிக்கும், அந்த எச்சரிக்கை வராமலிருக்க ஆர்மிங் செக் என்ற அந்தச் சோதனையையே 0 ஆக்கி அணைத்து வைத்திருக்கிறார்! ரிமோட் சிக்னல் போனால் காப்பாற்றும் த்ராட்டில் ஃபெயில்சேஃபும் அணைத்திருந்தது. புது மோட்டார் போட்டு, ப்ரொப்பெல்லர் இல்லாமல் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை (கையிலிருக்கும் ரிமோட்டை) அணைத்துப் பார்த்தேன், மோட்டார் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் போயிருந்தால் எங்கே போய் யார்மேல் விழுந்திருக்கும்? வேலையைச் செய்யாமல், செய்யவில்லை என்று சொல்லும் வாயையும் அடைத்துவிட்டுக் காசு வாங்கியிருக்கிறார். இதற்கு ஏமாற்று என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

யாரிடம் வாங்கினாலும் ஸ்டிக்கை ஆட்டிக் காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், போர்டு எந்தத் திசையில் இருந்தாலும் ஸ்டிக்குக்கு எல்லாம் சரியாகத்தான் அசையும். ப்ரொப்பெல்லரைக் கழற்றச் சொல்லி, ஃப்ளை பை வயர் மோடில் போட்டு, விமானத்தை உங்கள் கையில் தூக்கி வலது பக்கம் சாயுங்கள். வலது எய்லரான் கீழே இறங்க வேண்டும், இடது மேலே ஏற வேண்டும். மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே போக வேண்டும். அப்புறம் டிரான்ஸ்மிட்டரை அணைக்கச் சொல்லி மோட்டார் நிற்கிறதா பாருங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அதற்கு முகம் சுளிக்கிறவர் கடையில் காசு கொடுக்காதீர்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள், நான் வாங்கவில்லை. ஜிபே ரசீதும் வாட்ஸப் பேச்சும்தான் கையில் இருக்கிறது, அதை வைத்துத்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லியிருக்கிறேன்.

அதே ஆளிடம் செட்டிங் போட்டு வாங்கியவர்கள் டெல்டாவில் இன்னும் சிலர் இருப்பது தெரியும். அடுத்த முறை பறக்கவிடுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து அம்புக்குறியைப் பாருங்கள்.