இடது கைக்கு ஒரு தேக்கு ஸ்டாக்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

என் மகள் இடது கைக்காரி. சுடுவது பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். கைமாறி வந்த பழைய மேட்ச் ரைஃபிள் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது, காற்று சிலிண்டர் வைத்தது. பேரல், ட்ரிகர், வால்வு எதிலும் குறை சொல்ல முடியாது. ஸ்டாக், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் மரக்கட்டை, மட்டும் வலது கைக்காரருக்காகச் செதுக்கியது. கன்னம் வைக்கும் மேடு இடப்பக்கம், உள்ளங்கைக்கான புடைப்பு வலப்பக்கம். அதை இடது தோளில் வைத்தால் கன்னம் ஒட்ட இடமே இருக்காது, கழுத்தை முறுக்கித்தான் சைட்டைப் பார்க்க வேண்டும். போட்டியில் அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிடம், முழுக்க நின்றபடி. முறுக்கிய கழுத்தோடு முதல் இருபதைத் தாண்டுவதே பெரிய காரியம். இடது கை ஸ்டாக் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலையைக் கேட்டால் நாங்கள் ரைஃபிளுக்கே கொடுத்த தொகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சரி, நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினேன். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, கோவையின் காய்ச்சல் வெயில், ஐப்பசி மழை எல்லாம் பார்த்துவிட்ட பிறகு அந்த ஸ்டாக் எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் பற்றி ஒரு வரி. குழல் விட்டம் 4.5 மி.மீ.க்குள்ளும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் அடங்கும் ஏர் ரைஃபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டர் மேட்ச் ரைஃபிள்கள் அந்த ஆற்றலில் பாதியைக்கூட எட்டுவதில்லை. நான் கை வைத்தது மரத்தில்தான், ஆக்‌ஷன் எனப்படும் இயந்திரப் பகுதியை அப்படியே கழற்றி அப்படியே பூட்டினேன்.

மரம்தான் முதல் தலைவலி. வால்நட் காஷ்மீரிலிருந்து வர வேண்டும். ஈட்டி மரத்துக்கு அனுமதி அது இது என்று அலைய வேண்டும், அதோடு கனமும் அதிகம். வாகை நல்ல மரம், ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் நாள் முழுக்கத் தும்மல். கடைசியில் இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்கு உத்திரம் ஒன்றை எடுத்தேன். பல பத்து வருடம் கூரைக்கடியில் காய்ந்த மரம். புதுத் தேக்கை வாங்கி அது காய்கிறவரை காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். தேக்கு இயல்பிலேயே ஈரத்துக்கு அதிகம் ஊதாது, சுருங்காது. எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால் எபாக்சி பசையால் ஒட்டுவதற்கு முன் தின்னரால் நன்றாகத் துடைக்க வேண்டும். அதிலுள்ள மணல் சத்து சாதாரண பிளேடை மழுக்கிவிடும், கார்பைடு முனை வைத்த ரௌட்டர் பிட்தான் தாங்கும். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்க்காமல் பழைய உத்திரத்தில் ரம்பம் வைக்கவே கூடாது.

அச்சை வரையும்போது நான் அதிக நேரம் செலவிட்டது கைப்பிடிக் கழுத்தில். ஸ்டாக்கில் மிக ஒல்லியான இடம் அதுதான். மரத்தின் ரேகை அங்கே குறுக்கே ஓடினால் ரைஃபிள் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே ஒடிந்துபோகும். ரேகை கழுத்தின் நீளவாக்கில் ஓடும்படி அச்சைச் சாய்த்துப் போட்டேன். அதனால் பின்பகுதிக்கு மரம் போதாமல் ஒரு துண்டு ஒட்டுப்போட வேண்டியிருந்தது. பார்க்கிறவர்கள் அதை டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

என்னிடம் இருந்த மெஷின்கள் பெஞ்ச் டிரில், கை ரௌட்டர், ஆங்கிள் கிரைண்டர், அப்பா காலத்து நாலரை அடி லேத். மில்லிங் மெஷின் கிடையாது. பெஞ்ச் டிரில்லில் காம்பவுண்ட் வைஸ் மாட்டி மில்லிங் செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பிட்டைப் பிடிக்கும் டிரில் சக், கூம்பான தண்டில் (டேப்பர்) வெறும் பிடிப்பில் நிற்கிறது. கீழ்நோக்கி அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று விழும். ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்துக்கு டிரில்லில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துளை போட்டுப் பெரும்பகுதி மரத்தை எடுத்துவிட்டு, எம்.டி.எஃப். பலகையில் வெட்டிய டெம்ப்ளேட்டை வைத்து ரௌட்டரால் சுவரைச் சீர் செய்தேன். மூலைகளை உளி பார்த்துக்கொண்டது. வெளிவடிவத்துக்கு கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க், பிறகு மர அரம், கடைசியில் உப்புத்தாள்.

இனி அனுபவத்துக்கு வருகிறேன்.

இத்தனை காலத்தில் ஒரு முறைகூடத் தொந்தரவு தராதது திருகுகள் உட்காரும் தூண்கள். 14 மி.மீ. அலுமினியக் கம்பியை லேத்தில் கடைந்து, நடுவே 6.5 மி.மீ. துளை போட்டு, மரத்துக்குள் எபாக்சியில் ஒட்டி வைத்தவை. ஆக்‌ஷன் இந்தத் தூண் மேல் உட்காரும், திருகு இந்தத் தூணை இறுக்கும். மரம் ஊதினாலும் சுருங்கினாலும் திருகின் இறுக்கம் மாறாது. திருகுத் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பார்ப்பேன், கோடு ஒரு மயிரிழை கூட விலகியதில்லை. ஆக்‌ஷனுக்கடியில் மெழுகு தடவி, மெதுவாக இறுகும் அரால்டைட்டில் அலுமினியப் பொடி கலந்து படுக்கை போட்டேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் இதற்கு ஆகாது, ஆக்‌ஷனை நேராக வைப்பதற்குள் கல்லாகிவிடும்.

சிலிண்டர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 200 பார் காற்றை ஏற்றி இறக்கும் உருளை அது. மரத்தில் எங்கேயாவது உரசினால் அழுத்தம் மாற மாற குண்டு படும் இடமும் நகரும். முன்கைக்குள் சுற்றிலும் இடைவெளி விட்டு, பத்து ரூபாய் நோட்டை இரண்டாக மடித்து முனையிலிருந்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பார்த்தேன். இப்போதும் போட்டிக்குக் கிளம்பும் முன் அதைச் செய்கிறோம். ஒரு நவம்பரில் நோட்டு ஓரிடத்தில் லேசாகப் பிடித்தது. உப்புத்தாளைக் குழாயில் சுற்றி நாலு இழுப்பு, அவ்வளவுதான்.

அதிகம் மாறியது கைப்பிடி. இதில்தான் என் கருத்தும் மாறியது. கைப்பிடியை அவள் கைக்கென்றே அளவெடுத்து, மரத்திலேயே அழகாகச் செதுக்கியிருந்தேன். ஆனால் வளர்கிற பிள்ளையின் கை ஒரே அளவில் நிற்குமா? அடுத்த சீசனில் விரல் நீண்டு ட்ரிகருக்கு மிக அருகில் போய்விட்டது. "அப்பா, விரல் மடங்குது" என்றாள். மரத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டு அந்த இடத்தில் எம்-சீல் பிசைந்து வைத்தோம். மேலே சமையலறைப் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அவள் சுடும் நிலையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகப் பிடித்தாள். இறுகியதும் பிசிறை ராவினால் போதும். பார்க்கக் கரடுமுரடாக இருக்கிறது, ஆனால் வியர்வையில் வழுக்குவதில்லை. அதற்குப் பிறகும் அதை மாற்றியிருக்கிறோம், இனியும் மாற்றுவோம். நான் பார்த்துப் பார்த்து மெருகேற்றிய அந்த மரக் கைப்பிடியின் பாதி இப்போது சாம்பல் நிறப் பசைக்குள் இருக்கிறது.

லேத்தில் கடைந்த சாமான்கள்தான் காசுக்கு வேலை செய்கின்றன. கன்ன மேடு இரண்டு 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஏறி இறங்கும். தோள்தட்டு இரண்டு தண்டில் முன்பின் நகரும். உயரம் கூடக்கூட அவள் இரண்டையும் ஆலன் கீயால் தானே மாற்றிக்கொள்கிறாள், தண்டில் கீறி வைத்த கோட்டைப் பார்த்து எண்ணை நோட்டில் குறித்துக்கொள்கிறாள். அலுமினியத்தில் நேரடியாகப் போட்ட எம்5 மரை மட்டும் அடிக்கடி திருகித் திருகித் தேய்ந்துவிட்டது. அதைப் பெரிதாக்கி எஃகு இன்செர்ட் (உள்ளே மரை உள்ள சிறு குழல்) வைத்தபின் பிரச்சினை இல்லை. இன்று யாராவது செய்வதானால் அந்த மரைகளுக்கு முதலிலேயே இன்செர்ட் வைத்துவிடுங்கள் என்பேன்.

விதிமுறையைப் படிக்காமல் அரத்தை எடுக்காதீர்கள். சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியில் பத்து மீட்டருக்கு மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. முன்கையின் அடி பேரலின் மையக்கோட்டிலிருந்து 120 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. கட்டைவிரல் நுழையும் ஓட்டை வைத்த ஸ்டாக்குக்கு இடமே இல்லை, பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும். எங்களுக்கு எடை வேறு விதத்தில் சிக்கல். 5.5 கிலோ பெரியவர்களுக்கு. மெலிந்த பிள்ளைக்கு அதில் ஒரு கிலோ குறைந்தால்தான் இடுப்பு தாங்கும். பின்பகுதியை உள்ளே குடைந்து எடுத்துவிட்டு, அவள் வளர வளர முன்பக்கம் எஃகு வில்லைகளைச் சேர்த்து வருகிறோம்.

பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய். தொட்டால் மரத்தின் கதகதப்பு இருக்கும், கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மட்டும் தேய்த்துப் பூசிவிடலாம். குறையும் உண்டு. மழை நாளில் பெட்டிக்குள் பஞ்சோடு ஒட்டி வைத்தால் மங்கல் திட்டு விழுகிறது. வருடத்துக்கு ஒருமுறை 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மறுபூச்சு கொடுக்க வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும். பராமரிக்கப் பொறுமை இல்லாதவர்கள் பேசாமல் பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் அடித்துவிடலாம்.

காசு மிச்சமா என்றால், மெஷின்கள் ஏற்கெனவே வீட்டில் இருந்ததால் மிச்சம். மெஷினையும் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றால் இறக்குமதி ஸ்டாக்கே மலிவு. வலது கைக்காரர், கடையில் கிடைக்கும் ஸ்டாக் ஓரளவு பொருந்துகிறது என்பவர், முழு ஸ்டாக் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கன்ன மேடும் தோள்தட்டும் மட்டும் கடைந்து, கைப்பிடியில் எம்-சீல் வைத்தால் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். எனக்கு அடுத்த வேலை, இந்தக் கைப்பிடியை ஸ்டாக்கிலிருந்து தனியாக வெட்டி, ஒரே போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்வது. மாநிலப் போட்டி முடியட்டும், அதுவரை ரம்பத்தைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்று மகள் உத்தரவு.