கறுவா இலை எண்ணெயின் ஆவியமுக்கம்: கணித்துப் பழகியவரின் குறிப்பு

புறக்கோட்டையில் வாசனை எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் பாதுகாப்புத் தரவுத்தாள் தயாரிப்பது என் வேலை. அந்தத் தாளின் ஒன்பதாம் பிரிவில் ஆவியமுக்கத்துக்கென, அதாவது ஒரு திரவம் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதைக் காட்டும் அளவுக்கென, ஒரு வரி உண்டு. வாங்குபவர்களில் பலர் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பார்ப்பவர் ஒருவர் அகப்பட்டுவிட்டால் அடுத்தடுத்து மின்னஞ்சல் வரும். அந்த ஒற்றை வரிக்காக நான் பல வருடங்களாகப் பயன்படுத்திவருபவை இரண்டு: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும் ஈபிஐ சூட் மென்பொருள், அதன் விடைகளைச் சேர்த்துக் கணக்கிட ஓர் எக்செல் தாள்.

அளந்துவிட்டால் போயிற்றே என்று தோன்றும். ஐசோடெனிஸ்கோப் என்ற கண்ணாடிக் கருவி அதற்கென்றே இருக்கிறது. ஆனால் அதில் ஊற்றும் எண்ணெயில் கரைந்திருக்கும் காற்றை முதலில் வெற்றிடத்தில் வெளியேற்ற வேண்டும். காற்றோடு சேர்ந்து எண்ணெயின் மெல்லிய கூறுகளும் போய்விடும். நாம் அளக்க வந்ததே அவற்றைத்தான். வெளியேற்றாமல் விட்டாலும் தொல்லைதான். நீராவியில் வடித்த எண்ணெயில் கொஞ்சம் நீர் தங்கியிருக்கும். 25 பாகை செல்சியஸில் நீரின் ஆவியமுக்கம் 3,170 பாஸ்கல் (அமுக்கத்தின் அலகு) அளவில் இருப்பதால் அந்தச் சிறிதளவு நீரே அளவீட்டை விழுங்கிவிடும். எனவே கணிப்புத்தான் எங்களுக்குக் கைகொடுக்கிறது.

தனிச் சேர்மத்துக்கு ஈபிஐ சூட் நல்ல கருவி. தோற்றம் பழையது, ஆனால் வேலை சுத்தம். கறுவா இலை எண்ணெயின் முதன்மைக் கூறான இயூஜெனோலின் இரசாயனப் பதிவெண் 97-53-0 ஐக் கொடுத்தால் அன்ட்வான், திருத்திய கிரெயின், மக்கே ஆகிய மூன்று வழிகளிலும் விடை தருகிறது. ஒரே நிபந்தனை, கொதிநிலை தெரிந்தால் அதை நாமே உள்ளிட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் மூலக்கூறின் அமைப்பைப் பார்த்துக் கொதிநிலையை ஊகிக்கும். அந்த ஊகம் 10 பாகை பிசகினால் ஆவியமுக்கம் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பிசகும்.

கையால் போட்டாலே போதாதா என்று உயர்தர வகுப்பு இரசாயனம் படித்தவர்கள் கேட்கக்கூடும். கொதிநிலையைக் கொண்டே ஆவியாதல் வெப்பத்தைக் கணிக்க ட்ரூட்டன் 1884இல் சொன்ன விதியை, வெப்பநிலையோடு ஆவியமுக்கம் மாறுவதைச் சொல்லும் கிளோசியஸ்-கிளாப்பிரன் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். 254 பாகையில் கொதிக்கும் இயூஜெனோலுக்கு அறை வெப்பநிலையில் 30 பாஸ்கல் வரும். உண்மை 3 பாஸ்கலை ஒட்டியது. விரைவில் ஆவியாகும் மெல்லிய கூறான லிமோனீனுக்குக் கையால் 475 வரும், உண்மை 200 அளவில். கொதிநிலையிலிருந்து கீழே இறங்க இறங்க ஆவியாதல் வெப்பம் கூடுகிறது. கனமான சேர்மத்தில் அந்தத் தூரம் நீளம், தவறும் பெரிது. கிரெயின் வழி இந்தக் கூடுதலைக் கணக்கில் எடுக்கிறது. பத்து மடங்குத் தவறைத் தவிர்ப்பதற்காகவே இந்த மென்பொருளை வைத்திருக்கலாம்.

எண்ணெய் என்று வந்துவிட்டால் கதை வேறு. கலவையை அதனிடம் கொடுக்க முடியாது. ஒவ்வொரு கூறின் ஆவியமுக்கத்தையும் எடுத்து, அதன் மூல் பின்னத்தால் (மொத்த மூலக்கூறுகளில் அதன் பங்கால்) பெருக்கிக் கூட்டுவது நம் பாடு; இரவோற்றின் விதி. கறுவா இலை எண்ணெயில் இயூஜெனோல் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பங்கு 2.4 பாஸ்கல். ஆல்பா-பைனீன் வெறும் ஒரு சதவீதம்தான், ஆனால் தனியே அதன் ஆவியமுக்கம் 600 பாஸ்கல் அளவு, பங்கு 6. லினலூல் இரண்டு சதவீதம், பங்கு அரையும் தேறாது. மொத்தம் 9 பாஸ்கல், அதில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரு சதவீதத்தினுடையது. “எண்பது வீதத்தை விட்டுவிட்டு ஒரு வீதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீரே” என்றார் முதலாளி. வடிதாள் கீற்றுகள் இரண்டில் லிமோனீன் ஒரு துளி, இயூஜெனோல் ஒரு துளி விட்டு அவர் மேசையிலேயே வைத்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு லிமோனீன் கீற்று காய்ந்து வெறும் தாளாகக் கிடந்தது. மற்றதில் எண்ணெய்க் கறை மறுநாளும் அப்படியே இருந்தது. அறை முழுக்கக் கிராம்பு வாசனை. அதன்பின் அவர் கேட்கவில்லை.

ஆகவே இயூஜெனோலின் மூன்றாவது தசமத்துக்காக மெனக்கெடுவது வீண். எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராபி அறிக்கையின் தொடக்கத்தில், முதலில் எழும் சின்னச் சின்ன உச்சிகளைப் படியுங்கள். அங்கே போட்டிருக்கும் சதவீதம் உச்சியின் பரப்பு என்பதும் நினைவிருக்கட்டும். அது நிறையும் ஆகாது, மூலும் ஆகாது. மாதிரிக் குப்பி எத்தனை தடவை திறக்கப்பட்டது என்றும் விசாரியுங்கள். திறக்கத் திறக்கப் பைனீன் குறையும், எண்ணெயின் ஆவியமுக்கமும் அதோடு இறங்கும். ஒரு விநியோகத்தரின் தரவுத்தாளில் இலை எண்ணெய், பட்டை எண்ணெய், சிட்ரோனெல்லா மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கண்டேன். எந்தக் குப்பியிலிருந்து வந்ததோ!

வெளிநாட்டு அட்டவணைகள் 20 அல்லது 25 பாகைக்கானவை. எங்கள் களஞ்சியத்தில் பகலில் 30 சாதாரணம். இயூஜெனோலுக்கு 25இலிருந்து 30க்குப் போவதே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தரவுத்தாளில் வெப்பநிலையை எழுதாத எண்ணை நான் ஏற்பதில்லை.

சிட்ரோனெல்லாவில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. இலங்கை வகையில் கேம்பீன் கணிசமாக உண்டு. தனியாக எடுத்தால் அது அறை வெப்பநிலையில் திண்மம். மென்பொருளும் உருகுநிலையைப் பார்த்துத் திண்மத்தின் ஆவியமுக்கத்தையே முன்னால் நீட்டும். எண்ணெயில் அது கரைந்த நிலையில் திரவமாகவே இருக்கிறது. அதனால் விடைத்தாளில் சற்றுக் கீழே, மீக்குளிர்ந்த திரவத்துக்கென்று (உருகுநிலைக்குக் கீழும் உறையாமல் இருக்கும் திரவத்துக்கென்று) தனியாக வரும் எண்ணைத்தான் எக்செல்லில் இட வேண்டும். அப்படி இட்டாலும் தரவுத்தாளில் நான் எழுதுவது ஒரு வீச்சைத்தான், பக்கத்தில் ‘கணிப்பு, 25 பாகை’ என்று குறித்து.