தற்கொலை இடர் மதிப்பீட்டுப் பயிற்சி: கலந்துகொண்ட ஓர் ஆலோசகரின் மதிப்புரை

தற்கொலை இடரை மதிப்பிடுவதற்கும் கையாள்வதற்கும் மனநலப் பணியாளர்களுக்கு நடத்தப்பட்ட இரண்டு நாள் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். பதினோரு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தும் இந்த ஒன்றில் மட்டும் எனக்கு முறையான பயிற்சி வாய்த்ததில்லை. படிவத்தில் ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ என்பவற்றுள் ஒன்றைக் குறித்துவிட்டு, அது சரிதானா என்று வீட்டில் விழித்துக்கிடந்த இரவுகள் பல.

அந்தக் குறியின் மீதான நம்பிக்கையை முதல் நாள் காலையிலேயே பயிற்றுநர் கலைத்தார். 50 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, இடர்க்காரணிகளைக் கொண்டு முன்கணிப்பது குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சற்றே மேல். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், முன்கணிப்புக்கு அளவுகோல்களைப் பயன்படுத்தவோ மூன்று தட்டுகளாகப் பிரிக்கவோ வேண்டாம் என்கிறது. அப்படியானால் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதற்கான கேள்விப் பட்டியலாகிய கொலம்பியா அளவுகோல் எதற்கு என்று ஒருவர் கேட்டார். எண்ணம், நோக்கம், திட்டம், முந்தைய முயற்சி என எதையும் விட்டுவிடாமல் கேட்க அது உதவும், அடுத்து என்ன செய்வது என்பதை நோயாளியோடு உட்கார்ந்துதான் முடிவுசெய்ய வேண்டும் என்று பதில் வந்தது.

பயிற்சியின் உயிர்நாடி, நடித்துப் பழகிய அமர்வுதான். என் முறை வந்தபோது, “தப்பா எதுவும் யோசிக்கலையே?” என்று கேட்டேன். நோயாளியாக நடித்தவர், “இல்லீங்க” என்று குனிந்துகொண்டார். ‘இல்லை’ என்ற பதிலை நானே அவர் வாயில் ஊட்டியதைப் பயிற்றுநர் சுட்டிக்காட்டினார். மறுபடி, “இவ்வளவு வலியில இருக்கறவங்களுக்குச் செத்துப் போயிடலாம்னு தோணறது உண்டு, உங்களுக்குத் தோணியிருக்கா?” என்றேன். நடிப்புதான் என்றாலும் அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்பதைப் படித்திருந்தேன், நம்பியது அன்றுதான்.

இரண்டாம் நாள், நெருக்கடி வேளையில் என்ன செய்வது, யாரை அழைப்பது என்பதை நோயாளியோடு சேர்ந்து முன்கூட்டியே எழுதிவைக்கும் பாதுகாப்புத் திட்டத்தை, அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லியும் பிரௌனும் வகுத்த ஆறு படிகளில் எழுதிப் பழகினோம். ‘நண்பரிடம் பேசுவேன்’ என்று எழுதினால் பயிற்றுநர் விடவில்லை: எந்த நண்பர், எண் என்ன, நள்ளிரவில் எடுப்பாரா? ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாமல் வைக்கும் பொறுப்பு யாருடையது, எந்த நாளுக்குள் என்பதையும் எழுதச் சொன்னார். அவசரப் பிரிவுகளில் இத்திட்டத்தோடு தொலைபேசித் தொடர்பும் சேர்ந்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

குறைகளும் உண்டு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களே மிக ஆபத்தானவை; அதற்கு ஒதுக்கப்பட்டது இருபது நிமிடம். தன் நோயாளியை இழந்ததைச் சொல்லி ஒருவர் குரல் உடைந்தபோது, நேரமில்லை என்று அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தனியாக நோயாளிகளைப் பார்ப்பவர்கள் அவசியம் இத்தகைய பயிற்சிக்குச் செல்லலாம். சேருமுன், பயிற்சி முடிந்த பின்னும் மூத்தவர் ஒருவரோடு நம் நோயாளிகளைப் பற்றிக் கலந்து பேச மாதமொரு அமர்வு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது இல்லை.