எலுமிச்சைச் சாறு நுரைத்தால் அசல் மார்பிளா? சாமி மேடை வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குச் சாமி மேடை செய்தோம். மேல்பலகை மக்ரானா மார்பிளாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம். தாஜ்மகால் கட்டிய ராஜஸ்தான் கல் நம் பிள்ளையாருக்கும் கிடைக்கட்டுமே என்ற ஆசை. சுங்கை காடுட் பக்கம் ஒரு கடையில் 1,800 வெள்ளி சொன்னார்கள்.

"அசல்தானா?" என்று கேட்டேன். கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, பாலிஷ் போடாத ஓரத்தில் நாலு சொட்டு பிழிந்தார். பொசபொசவென்று நுரைத்தது. "பாருங்க அக்கா, டூப்ளிகேட்டுன்னா நுரைக்குமா?" கல் கடையில் எலுமிச்சம்பழத்துக்கு என்ன வேலை என்று அப்போதே யோசித்திருக்கலாம். பாதிப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

மேடை வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை, எரிந்துகொண்டிருந்த கற்பூரம் தட்டிலிருந்து தவறிக் கல்மேல் விழுந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை. கரியைத் துடைத்தால் அடியில் ஐம்பது காசு அளவுக்குப் பழுப்பு வட்டம். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் பத்து வருஷம் இருந்துவிட்டு இங்கே கல் பதிக்கும் வேலை செய்யும் அண்ணன் ஒருவரை வரச் சொன்னேன். அவர் பழுப்பு வட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் டார்ச் அடித்தார். சின்னச் சின்னச் சில்லுகள், இடையில் பால்போல ஏதோ ஒன்று. "இது மலையில வெட்டின கல் இல்லம்மா, வார்த்த கல்" என்றார்.

மலையில் துளை போட்டு, அதில் வைரமணி கோத்த கம்பியை நுழைத்துத் தண்ணீர் விட்டு அறுத்துப் பெரிய பாளமாக எடுப்பார்களாம். பிறகு பட்டறையில் வரிசையாகப் பிளேடு கட்டிய ரம்பத்தில் இரண்டு சென்டிமீட்டர் பலகைகளாக அறுத்து, சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றுவார்கள். என்னுடையதில் முதல் படியே இல்லை. மார்பிள் உடைசலையும் தூளையும் ரெசின் என்ற பிளாஸ்டிக் பசையில் குழைத்துப் பாளமாக வார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அதே ரம்பம், அதே பாலிஷ். உள்ளே இருப்பதில் பெரும்பங்கு மார்பிள் தூள் என்பதால் எலுமிச்சைக்கு அதுவும் நுரைக்கும்! அந்தச் சோதனை டைல், கிரானைட் வகைகளைப் பிரிக்கத்தான் உதவும்.

இன்னொன்றும் சொன்னார். ரெசின் இருந்தாலே போலி என்று முடிவுகட்டக் கூடாது. அசல் பலகையிலும் துளை, விரிசலை எபாக்சி என்ற ரெசினால் அடைப்பார்கள், பின்புறம் வலை ஒட்டுவார்கள். பார்க்க வேண்டியது ஓரம்தான். மேலே ஓடும் ரேகை பக்கவாட்டிலும் இறங்க வேண்டும். உடைந்த இடம் சர்க்கரை போல மினுங்க வேண்டும். நம் கண் முன்னால் தேர்ந்தெடுத்த பலகையின் பின்னால் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வார்த்த கல்லை வார்த்த கல் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடையில் கேட்டால், "பில்லைப் பாருங்க, மார்பிள் டாப்னுதானே இருக்கு, மக்ரானான்னு எங்க இருக்கு?" என்கிறார்கள். 300 வெள்ளி திருப்பித் தருகிறார்களாம். நல்லவேளை, 'ஒரிஜினல் மக்ரானா' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை நான் அழிக்கவில்லை. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டு, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திலும் பதிந்திருக்கிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போய்விட வேண்டும்.

அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் அந்தப் பழுப்பு வட்டத்தின் மேல் அம்மா குங்குமச் சிமிழை வைத்திருக்கிறார்.