சாஷிங் பட்டை கோணாமல் இருக்க: ஷ்வேஷ்வே துணியோடு என் அனுபவம்

குயில்ட் என்றால் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வை. அதற்காகத் தைத்த சதுரமான பிளாக் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கும். பிளாக்குகளுக்கு நடுவில் சாஷிங் என்கிற துணிப் பட்டை வைத்து வரிசைகளைச் சேர்த்ததும் மேல் வரிசை ஒரு பக்கம், கீழ் வரிசை ஒரு பக்கம் என்று படிக்கட்டு மாதிரி விலகும். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வட்டத்தில் குயில்ட் தைக்கிற எல்லோருக்கும் இருக்கிற குறை இது. இதற்காகவே கடைகளில் ஏகப்பட்ட சாமான் விற்கிறார்கள். பல வருஷமாகப் புழங்கியதில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்று சொல்கிறேன்.

முதலில் துணி. டர்பனில் நாங்கள் அதிகம் எடுப்பது ஷ்வேஷ்வே என்கிற அச்சிட்ட பருத்தித் துணி. கிரே ஸ்ட்ரீட் பக்கம் போனால் நீலம், பிரௌன், சிவப்பு என்று அடுக்கி வைத்திருப்பார்கள். தெருவுக்கு டாக்டர் யூசுஃப் தாதூ பெயர் வைத்தாகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். பின்பக்கம் மூன்று பூனை முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். கிழக்கு கேப் மாகாணத்தில் ஸ்வெலித்ஷா ஆலையில் அச்சிட்ட துணி அது. கடையில் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், வெட்டுவதற்கு ஜோர். ஆனால் அந்த விறைப்பு முழுக்கக் கஞ்சி. தண்ணீரில் போட்டால் துணி தொளதொளவென்று ஆகும், சுருங்கவும் செய்யும். அதனால் அலசிக் காயவைத்து, திரும்பக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட பிறகுதான் ஸ்கேலை எடுப்பேன். சோம்பல்பட்டு அப்படியே தைத்தால், முதல் சலவையில் ஷ்வேஷ்வே பட்டை சுருங்கிப் பக்கத்து பிளாக்கை இழுக்கும். அரிசிக் கஞ்சியே போதும். ஒன்று மட்டும், தைத்து முடித்ததும் நன்றாக அலசிவிட வேண்டும், நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூச்சி வந்துவிடும்.

அடுத்தது அகலம். அமெரிக்கப் புத்தகக் கணக்கெல்லாம் 42, 44 இஞ்ச் துணிக்கு. ஷ்வேஷ்வே 90 செ.மீ.தான், அதாவது 35 இஞ்ச் சொச்சம். பன்னிரண்டரை இஞ்ச் நீளமுள்ள பட்டை துணியின் அகலத்தில் மூன்று வரும் என்று புத்தகம் சொல்லும், நமக்கு இரண்டுதான் வரும். நான் குறுக்கே வெட்டுவதே இல்லை. கரைக்கு இணையாக நீளவாக்கில் வெட்டுவேன். மீட்டருக்கு மூன்று பட்டையும் கிடைக்கும், அந்த வாக்கில் நூல் இழுபடுவதும் குறைவு. நேராக நிற்பதற்குப் பாதி வேலை இதிலேயே முடிகிறது.

தையல் ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளி விழ உதவும், மெஷினில் மாட்டுகிற கால் இஞ்ச் ஃபுட்டுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. ஐந்து பிளாக், நான்கு பட்டை சேர்ந்த வரிசையில் எட்டு தையல். ஒவ்வொன்றிலும் தையல் ஓரம் பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் கூடினால், இரண்டு பக்கத் துணியிலும் அது போய் வரிசை ஒரு இஞ்ச் குட்டையாகும். ஆனால் ஃபுட் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு தைக்கக் கூடாது. ஒன்றரை இஞ்ச் துண்டு மூன்றைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு நூலளவு வலப்பக்கம் தள்ளுங்கள். ஃபுட்டில் ஒற்றை ஓட்டை மட்டும் இருந்தால் ஊசியைத் தள்ளினால் உடையும், துணியைத்தான் நகர்த்திக்கொள்ள வேண்டும்.

சரி, முக்கியமான விஷயம். பட்டையை பிளாக்குக்குத் தகுந்தபடி வெட்டவே கூடாது. எல்லா பிளாக்கையும் அளந்து, பன்னிரண்டரை என்று முடிவானால் எல்லாப் பட்டையும் பன்னிரண்டரை. பிளாக் இம்மி கூடவோ குறையவோ இருந்தால் அதுதான் பட்டைக்கு அடங்கிப் போக வேண்டும். நடு, இரண்டு முனை என்று குண்டூசி குத்தி, நீளமாக இருக்கிற துணியைக் கீழே வைத்துத் தையுங்கள். மெஷினில் துணிக்குக் கீழே இருந்து அதை நகர்த்துகிற பல் அந்த மிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

வரிசைக்கு நடுவே வருகிற நீளப் பட்டைக்குத்தான் அடையாளம் தேவை. மேல் வரிசையோடு தைத்ததும் பட்டையைத் திருப்பி, மேலே இருக்கிற ஒவ்வொரு தையலுக்கும் நேராகப் பட்டையின் மறு ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவேன். கீழ் வரிசையின் தையல் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். கருநீலத் துணியில் நீலப் பேனா தெரியாது. வெளிர் துணியில் தெரிந்தாலும், கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் பிறகு போகவே போகாது. தேய்ந்துபோன சோப்புத் துண்டுக்கு இணை எதுவும் இல்லை.

மூலையில் சின்னச் சதுரம் வைக்கிறவர்களுக்குக் கோடு வேண்டாம். எல்லாத் தையலையும் பட்டைப் பக்கம் மடித்து இஸ்திரி போட்டால், இரண்டு வரிசையின் மடிப்பும் எதிரெதிராக வந்து பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். இந்த இஸ்திரியைத் தள்ளிப்போட முடியாது, அதனால் கரண்ட் இல்லாத பகலில் நான் வெட்டுவதும் கோடு போடுவதும் மட்டும்தான்.

6½க்கு 24 இஞ்ச் ஸ்கேல், வட்ட பிளேடு உள்ள 45 மி.மீ. கட்டர், அடியில் விரிக்கிற மேட், இது மூன்றும் கட்டாயம். கட்டர் எந்த பிராண்டானாலும் சரி, பிளேடு மழுங்கினால் மாற்றிவிடுங்கள். பட்டை வெட்டுவதற்கென்றே விற்கும் காடி, அதாவது பிளேடு ஓடுகிற நீளப் பிளவு, போட்ட ஸ்கேல் தேவையில்லை. காடி அகலத்தில் பிளேடு ஆடுகிறது, கனமான துணியில் பட்டை வளைந்துதான் வருகிறது. என்னுடையதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.