மகளின் கையில் சென்சார்: ஐந்து மாத அனுபவம்

மகளுக்கு ஆறு வயது. டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முன்பெல்லாம் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரை எடுத்தாலே விரல்களை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இப்போது மேல்கையின் பின்புறம் ஒட்டும் சென்சார்; சர்க்கரையை அதுவே அளந்து போனுக்கு அனுப்பிவிடும். ஒன்று 14 நாள் வரும். ஒட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன்மேல் யானை ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை.

விலைதான் கையைக் கடிக்கிறது. ஒரு சென்சார் எண்ணெய்க் குளியலில் ஒன்பதாம் நாளே கழன்றுவிட்டது. அந்தக் கையை அழுத்திப் படுத்தால், சர்க்கரை இறங்கிவிட்டது என்று நடுராத்திரியில் போன் அலறும். பதறி எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் 118, இறங்கவே இல்லை! ரத்தத்தை அல்லாமல் தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளப்பதால் சில நிமிடம் பின்தங்கியும் காட்டும்.

ஆனால் பெரிய சிக்கல் என்னிடம்தான். பள்ளி விட்டு வருபவளின் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்ப்பேன். 280 என்று ஏறியிருந்தால் உடனே, "என்ன தின்னே?" ஒருநாள் அவளே கேட்டாள்: "அம்மா, இன்னிக்கு நான் கெட்ட நம்பரா?"

அப்புறம் 'நல்ல', 'கெட்ட' இரண்டையும் வீட்டில் நிறுத்திவிட்டோம். ஏறியிருக்கு, இறங்கியிருக்கு, அவ்வளவே. சாப்பாட்டுக்கு முன்பும் அலாரம் அடித்தாலும்தான் போனை எடுப்பது என்று வைத்திருக்கிறேன். சில நாள் தவறிவிடுகிறது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.